வஞ்சிரத்துக்காகக் கட்டிய ட்ரோலிங் ராடு: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

ட்ரோலிங்குக்கு, அதாவது ஓடும் போட்டின் பின்னால் இரையை இழுத்துக்கொண்டே மீன் பிடிப்பதற்கு, கடையில் நல்ல ராடுகள் கிடைக்கும்போது தனியாகச் சொல்லிக் கட்ட வேண்டுமா? நம் ஊர் ஃபைபர் போட்டில் போகிறவர் என்றால் கட்டுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் ராடின் மேல் சுற்றும் நூல் வேலைப்பாட்டு அழகுக்காக வேண்டாம், அளவுக்காகக் கட்டுங்கள். சென்னையில் ராடு கட்டித் தருகிற ஒருவரிடம் சொல்லிச் செய்த, 30 பவுண்டு நரம்புக்கான (தூண்டில் கயிறு) ராடு ஒன்று சில வருஷமாக என்னிடம் இருக்கிறது. கோவளத்துக்கு வெளியே வஞ்சிரம், சூரை, சீலா, பாறை எல்லாவற்றுக்கும் அதுதான். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ட்ரோலிங்குக்கு என்று விற்கிற கனமான ரெடிமேட் ராடுகள் பல, பெரிய படகில் நாற்காலியில் உட்கார்ந்து மீனை இழுப்பவருக்காக அளவெடுத்தவை. ரீலுக்குக் கீழே இருக்கும் அடித்தண்டு நீளமாக இருக்கும். நம் போட்டில் நாற்காலி ஏது? குறுக்குப் பலகையில் உட்கார்ந்தோ, முட்டியை விளிம்பில் முட்டுக்கொடுத்து நின்றோதான் இழுக்கிறோம். அடித்தண்டு நீண்டால் ரீல் எட்டப் போய்விடும். கையை முழுக்க நீட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் அரை மணி நேரத்தில் தோள்பட்டை பதில் சொல்லிவிடும். மீன்பிடிச் சாதனைகளைப் பதியும் உலக அமைப்பான ஐஜிஎஃப்ஏவின் விதிப்படி அடித்தண்டு அதிகபட்சம் 27 அங்குலம் இருக்கலாம், ரீலுக்கு மேலே முனை வரை குறைந்தது 40 அங்குலம் இருக்க வேண்டும். என் ராடில் அடித்தண்டை அந்த 27-ஐ விட நன்றாகவே குறைத்து வெட்டச் சொன்னேன். இடுப்பு பெல்ட்டைக் கட்டி, ராடை அதில் ஊன்றி, முழங்கை இயல்பாக மடங்கி இருக்கும்போது ரீல் எங்கே வருகிறதோ அங்கே ரீல் சீட், அதாவது ரீலைப் பொருத்தும் இடம். எனக்குக் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு இந்த ஒரு அளவிலேயே வந்துவிட்டது.

அடுத்தது பிளாங்க், அதாவது ராடின் வெறும் தண்டு. கிராஃபைட் எடை குறைவு, கையில் பிடித்தால் ஆசையாக இருக்கும். ட்ரோலிங்குக்கு நான் அதை எடுக்க மாட்டேன். வஞ்சிரத்துக்கு நாம் இழுப்பது பெரும்பாலும் ஆழம் போகிற உதடு வைத்த லூர்கள் (செயற்கை இரைகள்). ரபாலா எக்ஸ்-ராப் மேக்னம் வரிசையில் பெயரோடு வரும் 20, 30 என்ற எண்கள் அது இறங்கும் ஆழத்தை அடியில் சொல்பவை. 30 அடி என்றால் ஐந்து பாகம். அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் லூர் மீன் இல்லாமலேயே ராடை நாள் முழுக்க வளைத்து வைத்திருக்கும். போட் அலையில் ஏறி இறங்கும்போது அந்த வளைவும் கூடிக் குறையும். இதைத் தாங்கிக்கொள்வது ஃபைபர்கிளாஸ். படகு விளிம்பில் இடிபட்டாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிராஃபைட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கீறல் போதும், பெரிய மீன் வரும் அன்று அங்கேயே ஒடியும். இரண்டையும் கலந்து செய்த பிளாங்கும் உண்டு, அதுவும் சரிதான்.

நரம்பு ஓடும் வளையமான கைடு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. அஃப்ட்கோ போன்ற ரோலர் கைடுகள் 50, 80 பவுண்டு வகுப்பில், கனமான தங்கூசியோடு (ஒற்றை இழை நைலான் நரம்பு), உண்மையிலேயே பிரமாதம். 30 பவுண்டுக்கு வேண்டாம். ரோலர் சுற்றினால்தான் ரோலர். உப்பேறி ஒன்று நின்றுவிட்டால் நரம்பு அதே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். மெல்லிய பின்னல் நரம்பு என்றால் ரோலருக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைந்து மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் கழுவி எண்ணெய் விடுகிற பொறுமை இருப்பவருக்குத்தான் அது. நான் போட்டது இரண்டு கால் உள்ள, கெட்டியான சட்டத்தில் பீங்கான் வளையம் வைத்த ஃபியூஜி கைடுகள். வளையம் ஒன்றில்கூட இன்று வரை கோடு விழவில்லை. பஞ்சை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்ப்பேன், கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும்.

நரம்பு மேல்பக்கம் ஓடும் ராடு பாரத்தில் புரளப் பார்க்கும் என்று கைடுகளைச் சுழற்றி அடிப்பக்கம் கொண்டுபோய்க் கட்டும் முறை ஒன்று உண்டு. ராடைக் கையிலேயே பிடித்து ஜிக்கிங் (கனமான இரையை ஆழத்தில் இறக்கி மேலும் கீழும் துள்ளவிடுவது) செய்பவர்களுக்கு அது நல்லது. எனக்குத் தேவைப்படவில்லை. அடிமுனையில் கிம்பல் என்ற மூடி இருக்கிறது, அதன் சிலுவை வெட்டு பெல்ட்டின் ஊசியில் உட்கார்ந்துகொண்டால் ராடு எங்கே புரளும்?

ஆனது என்ன, ஆகாதது என்ன என்றால், நூல் கட்டின் மேல் பூசிய எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகிவிட்டது. அதில் எனக்குக் கவலை இல்லை. கீழிருந்து முதல் கைடின் கால் பக்கம் மயிரிழை வெடிப்பு வந்தது கவலை. அதன் வழியாக உப்புத் தண்ணீர் இறங்கினால் உள்ளே துரு பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கெட்டிருக்கும்போது அந்த ஒரு கைடை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி கட்டிக்கொடுத்தார். கட்டியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதன் அருமை அப்போது தெரிந்தது. ஈவிஏ பிடி கொஞ்சம் பளபளத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ராடைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் பணத்தை முதலில் ரீலுக்கு ஒதுக்குங்கள். மீன் எது, அதற்கு நரம்பு எவ்வளவு, டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) எவ்வளவு, அதைத் தரும் ரீல் எது, கடைசியில் ராடு. இந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் வராது. நம் வஞ்சிரத்தின் ஐஜிஎஃப்ஏ உலகச் சாதனை 44.9 கிலோ, 1982இல் தென்னாப்பிரிக்காவில் பிடித்தது. நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பது அதற்கு வெகு கீழே. 30 பவுண்டு நரம்பு தாராளம். டிராக்கை நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 பவுண்டு, சுமார் நாலரை கிலோ வரை வைக்கலாம். நான் கால் பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன், மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதல் ஓட்டத்தில் வஞ்சிரத்தை விட்டுப் பிடித்தால்தான் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது.

இந்த அளவை ஒவ்வொரு முறையும் அப்படியே வைக்க, லீவரைத் தள்ளி அளவை மாற்றும் லீவர் டிராக் வேண்டும். நட்சத்திரச் சக்கரத்தைத் திருகும் ஸ்டார் டிராக் வைத்த பென் செனட்டர் ஆண்டுக்கணக்காக உழைக்கும் ரீல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் முறுக்கிவிட்டால் பழைய அளவுக்குத் திரும்புவது கைப்பழக்கம்தான். ஷிமானோ டிஎல்டி 25-இல் கரையிலேயே தொங்கு தராசை மாட்டி, ராடை வளைத்து, லீவரை ஸ்ட்ரைக்கில் (மீன் அடிக்கும்போது இருக்க வேண்டிய நிலை) வைத்து இழுத்துப் பார்த்துக்கொள்வேன். கடலில் லீவரை எங்கே தள்ளினாலும் ஸ்ட்ரைக்குக்கு வந்தால் அதே இழுப்பு. வீட்டுக்கு வந்ததும் லீவரை முழுக்கத் தளர்த்தி வைத்துவிடுங்கள், டிராக் தகடு அமுங்கியே கிடக்கக் கூடாது. கழுவும்போது மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும், பைப்பை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும்.

அப்புறம், ரீலின் உள்ளே பின்னல் நரம்பு, மேலே தங்கூசி, நுனியில் ஒரு அடிக்கு ஸ்டீல் கம்பி. தங்கூசி இழுபடுவதால் மீன் அடிக்கும் நேரத்து அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். கம்பி இல்லாமல் போனால் படகு ஓட்டும் அண்ணன் முதலிலேயே கேட்டுவிடுவார்: “கம்பி போட்டியா தம்பி? பல்லு அறுத்துடும்.”

சூரைக்கு மட்டும் போகிறவர் கம்பிக்குப் பதில் ஃப்ளோரோகார்பன் நரம்பு கட்டலாம், மற்றதெல்லாம் இதே செட்தான். வருஷத்துக்கு ஓரிரு முறை மட்டும் கடலுக்குப் போகிறவர் ராடைக் கட்ட வேண்டியதே இல்லை. ரெடிமேட் ஃபைபர்கிளாஸ் ராடு ஒன்றை எடுத்து, அடித்தண்டை உங்கள் அளவுக்கு வெட்டி, கிம்பலைத் திரும்ப ஒட்டித் தரச் சொல்லுங்கள்.