வள்ளத்து மோட்டாருக்குத் தண்ணீர் பிரிக்கும் பில்டர்: தகர டப்பாவா, கண்ணாடிக் கிண்ணமா?

முந்தின ஆனி மாதம், குளச்சலுக்கு நேரே ஆறு பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) ஆழத்தில் வலை வாங்கிக்கொண்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடும் எங்கள் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, வள்ளத்துக்கு வெளியே தொங்கும் மோட்டார், இரண்டு தடவை செருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போயிற்று. மேல்மூடியைக் கழற்றி, கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய்க்கு நடுவே பட்டாணி அளவில் மூன்று உருண்டைத் தண்ணீர், பாதரசம்போல ஓடிற்று. அவ்வளவு போதும். அது மெயின் ஜெட்டின், அதாவது எண்ணெய் ஏறும் சின்னத் துளையின் வாயில் உட்கார்ந்துவிட்டால் எண்ணெய் மேலே ஏறாது. துடைத்துப் பூட்டி மோட்டாரைக் கிளப்புவதற்குள் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்களை அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தது.

அந்த வாரமே நானும் மச்சானும் ஆளுக்கொரு பில்டர் வாங்கினோம். அவன் வாங்கியது தகர டப்பா. நான் வாங்கியது அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளது. கண்ணாடி என்று நாங்கள் சொல்வது பழக்கத்தில்தான்; உண்மையில் அது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ஒரே கரை, ஒரே அளவு வள்ளம், ஒரே மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். இரண்டு பருவம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியாயிற்று. என் சாய்வு கிண்ணத்தின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் எப்படி வருகிறது என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். கேன் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து வைத்தால்தான் மோட்டார் ஓடும். அலை தாண்டும்போது அதன் வழியே சாரல் இறங்கும். மழையில் புனல் நனைந்திருக்கும். பலர் கவனிக்காத ஒன்று பேரல். நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத்தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் பேரல் அதைத் திரும்ப உறிஞ்சும், கூடவே தேங்கிய தண்ணீரையும். எங்கள் மண்ணெண்ணெயில் வந்த தண்ணீர் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். இப்போது பேரலைச் சாய்த்துத்தான் வைக்கிறோம், மூடி மேட்டுப் பக்கம் இருக்கும்படி.

பைக்கில் போடுகிற சின்ன பிளாஸ்டிக் பில்டரைச் சிலர் எண்ணெய் போகும் ஓஸின் நடுவே சொருகியிருக்கிறார்கள். மணலையும் துருவையும் அது பிடிக்கும். தண்ணீரைப் பிரிக்க அதற்கு வழியில்லை. இந்தப் பேச்சில் அதற்கு இடமே இல்லை.

மற்ற இரண்டும் உள்ளே ஒரே சரக்குதான். மேலே அலுமினியத் தலை, கீழே திருகிப் பூட்டும் பில்டர். உள்ளே தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசிய மடிப்புத் தாள். அவுட்போர்டுக்குப் பரவலாக வருவது 10 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் வாக்கில் இருக்கும் என்றால் அது எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொடிப்பொடியான தண்ணீர்த் துளிகள் தாளில் தடைபட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கீழே இறங்கும். லிட்டருக்குப் பெட்ரோல் சுமார் 740 கிராம், மண்ணெண்ணெய் 800 கிராம், கடல்நீர் 1,025 கிராம். மண்ணெண்ணெய் கனமும் அதிகம், கொழகொழப்பும் அதிகம் என்பதால் அதில் தண்ணீர் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பில்டர் ஓரளவு பெரிதாக இருந்தால் உள்ளே ஓட்டம் மெதுவாகி, தண்ணீர் பிரிய நேரம் கிடைக்கும்.

தகர டப்பாவின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு. உடையாது. நங்கூரம் உரசினாலும் வலைக்கல் மோதினாலும் ஒரு சொட்டை விழுமே தவிர ஒழுகாது. மரை ஒத்துவந்தால் ஒரு கம்பெனி தலையில் இன்னொரு கம்பெனி டப்பாவைத் திருகலாம். துரு பிடிக்கும், அது உண்மை. மச்சானுடையது நான்காம் மாதத்தில் அடிவிளிம்பில் செம்மண் நிறமானது. கிரீஸ் தடவி வைத்தால் ஆறு மாதம் தாங்குகிறது, அதற்குள் எப்படியும் மாற்றிவிட வேண்டியதுதானே.

என்னைக் கிண்ணத்தின் பக்கம் இழுத்தது விலையும் இல்லை, துருவும் இல்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற ஒரே விஷயம்.

டப்பாவை எப்போது மாற்றுவது? கையேட்டில் 50 மணி நேரம், 100 மணி நேரம் என்று கணக்குப் போட்டிருக்கும். தாள் அடைபடுவதற்கு அந்தக் கணக்கு சரி. தண்ணீர் மணிக்கணக்குப் பார்த்து வருவதில்லை. 40 நாள் ஒரு சொட்டும் வராது. 41-ஆம் நாள் பேரலின் அடிமண்டி எண்ணெயைக் கேனில் ஊற்றினால் ஒரே ஓட்டத்தில் டப்பா பாதி நிறையும். நிறைந்த பிறகு வரும் தண்ணீருக்குத் தங்க இடமில்லை. தாளைத் தாண்டி நேரே கார்ப்ரேட்டருக்குப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த டப்பாவும் காலி டப்பாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மச்சானுக்கு அப்படியே நடந்தது. புது டப்பா போட்டுப் பத்தொன்பதாவது நாள் மோட்டார் செருமியது. "பில்டர் புதுசு மச்சான், அதுல இருக்காது" என்று பிளக்கைத் துடைத்தான், ஓஸில் எண்ணெயை அமுக்கி ஏற்றும் ரப்பர் பல்பை மாற்றினான், கார்ப்ரேட்டரைக் கழுவினான். கரைக்கு வந்து டப்பாவைக் கழற்றி ஒரு தண்ணீர் பாட்டிலில் கவிழ்த்தபோது முக்கால்வாசி தண்ணீர்.

என் வள்ளத்தில் விடியற்காலை நாலு மணிக்கு, தள்ளுவதற்கு முன்னால், செல்போன் வெளிச்சத்தைக் கிண்ணத்துக்குப் பின்னால் பிடிக்கிறேன். மண்ணெண்ணெயில் ஆயில் கலந்த நிறம் தெரியும். தண்ணீர் இருந்தால் அதற்கு அடியில் நிறமில்லாமல் ஒரு பட்டை, நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. வள்ளத்தை லேசாக ஆட்டினால் அந்தக் கோடு சாய்ந்து திரும்பும். பார்க்க ஒரு மூச்சு நேரம் போதும். ஒருநாள் நான் மறந்து வலை மடியை ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்பா அமரத்தில், வள்ளத்தின் பின்பக்கம், குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கெடக்கு மக்கா, தள்ளாத." கேனை மாற்றிக்கொண்டுதான் போனோம்.

கடலில் வைத்து வடிப்பதிலும் வித்தியாசம் பெரிது. டப்பாவில் தண்ணீர் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், எண்ணெய் நிறைந்த டப்பாவை ஆடுகிற வள்ளத்தில் இரண்டு கையாலும் திருகிக் கழற்ற வேண்டும். பாதி எண்ணெய் காலடியில் கொட்டும். ரப்பர் வளையம் திரும்பச் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அந்த வழியே காற்றை இழுத்து மோட்டார் மறுபடி நிற்கும். கிண்ணத்தில் அடித்திருகைத் திறந்து, பாதியாக வெட்டிய பாட்டிலைக் கீழே பிடித்து, பல்பை இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும். பல்பை அமுக்காவிட்டால் வடியாது, மேலே காற்று போக வழியில்லை. முதலில் கண்ணாடிபோல் தண்ணீர் வரும், பிறகு நிறம் மாறி எண்ணெய் வரும். அந்த இடத்தில் பூட்டிவிடலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, பீடி கையில் இல்லாமல் செய்யுங்கள். வடித்ததைக் கடலில் ஊற்றாமல் கரைக்குக் கொண்டுவருகிறோம்.

பெட்ரோலிலேயே ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2022 நடுவில் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 விழுக்காட்டை எட்டியது. இப்போது 20 விழுக்காடு கலந்ததுதான் பெட்ரோல் பங்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் தண்ணீரைத் தன்னோடு சேர்க்காது, வந்தது அப்படியே அடியில் விழும். எத்தனால் அப்படியில்லை, தண்ணீரை இழுத்துத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். 10 விழுக்காடு கலந்த பெட்ரோல் சுமார் அரை விழுக்காடு தண்ணீரை அப்படி வைத்துக்கொள்ளும். 20 லிட்டர் கேனுக்கு 100 மில்லி. 20 விழுக்காடு கலந்தது இன்னும் கூடுதலாகவே வைத்துக்கொள்ளும். கரைந்திருக்கும் தண்ணீரை எந்த பில்டரும் பிடிக்காது. அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு மொத்தமாகக் கீழே இறங்கிவிடும்.

அளவுக்கோடு போட்ட பாட்டிலில் செய்து பார்த்தேன். 100 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், அடிப்பட்டை 10-இல் நிற்காமல் 25-க்கும் மேலே போகிறது. கூடியதெல்லாம் பெட்ரோலிலிருந்து பிரிந்து வந்த எத்தனால். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. 50-க்கு 1 என்று நாம் கலக்கும் ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். கேனின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்க்குக் கிடைப்பது ஆயில் இல்லாத சாராயத் தண்ணீர். அது உள்ளே போனால் மோட்டார் நின்றுபோவதோடு முடியாது, பிஸ்டன் கடித்துக்கொள்ளவும் கூடும். பிரிந்துவிட்ட பெட்ரோலைக் காப்பாற்ற டப்பாவாலும் முடியாது, கிண்ணத்தாலும் முடியாது. அந்தக் கேனைத்தான் ஒதுக்க வேண்டும். கிண்ணம் இருந்தால் அடியில் மங்கலான தடித்த பட்டை தெரியும், ஒதுக்க வேண்டும் என்பதாவது கரையிலேயே புரியும்.

கிண்ணத்துக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாங்கும்போது எனக்கு டப்பாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயிற்று. தாள் பகுதியை மாற்றும்போது பழைய கிண்ணத்தையே புதியதில் திருகலாம், ஆனால் நடுவில் வரும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். அது உள்ளூர்க் கடையில் எல்லா நாளும் கிடைப்பதில்லை. வெயில் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்குகிறது. முதல் பருவத்திலேயே என்னுடையது டீத்தண்ணி நிறத்துக்குப் போகத் தொடங்கியது. பழைய லாரி டியூபில் ஓர் உறை வெட்டிப் போட்டேன், பார்க்கும்போது மட்டும் மேலே தள்ளிக்கொள்வேன். தின்னரோ கார்ப்ரேட்டர் கழுவும் ஸ்பிரேயோ பட்டால் பிளாஸ்டிக்கில் முடிபோல வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீர் போதும். அடித்திருகில் வலை மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீ விஷயத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு. பெட்ரோல் இன்ஜின் உள்ளறையில் இருக்கும் படகுகளில், எரிபொருள் பாகங்கள் 2½ நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி வைத்திருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் கிண்ணம் அதைத் தாங்காது. நம் வள்ளம்போல மோட்டார் வெளியே தொங்கி, எல்லாம் திறந்த காற்றில் இருந்தால் கிண்ணம் சரி. மூடிய பெட்டிக்குள், பலகைக்கு அடியில் வைப்பதானால் தகர டப்பாவையே போடுங்கள். அந்த இடத்தில் மச்சான் தேர்வுதான் சரி.

பொருத்துவதில் இரண்டுக்கும் வேலை ஒன்றே. நாங்கள் மோட்டாரைத் தினமும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப்போகிறவர்கள். அதனால் பில்டரை வள்ளத்தில் அடிக்காமல், கேன் வைக்கும் மரப்பெட்டியின் பக்கப் பலகையில் அடித்தேன். கேனோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். தலை நேராக நிற்க வேண்டும், கீழே கை நுழைய இடம் வேண்டும். பல்பைக் கேன் பக்கம் வைத்தேன், அமுக்கும்போது ஒழுகுகிற இணைப்பு நனைந்து காட்டிக்கொடுக்கும். மரையில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள், அதன் பிசிர் கிழிந்து ஜெட்டில் போய் உட்காரும். எண்ணெய்க்குத் தாங்கும் பசைதான் சரி. கிளிப்பு எவர்சில்வராக இருக்கட்டும். உள்ளே வரும் வாயையும் வெளியே போகும் வாயையும் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள்.

நான் ஓட்டியது எல்லாம் கார்ப்ரேட்டர் வைத்த சின்ன மோட்டார். இன்ஜெக்‌ஷன் வைத்த பெரிய நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் என் கை பட்டதில்லை, அதற்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிண்ணம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதிலும் என் கணக்கு இரண்டு பருவம்தான்.

மச்சான் போன மாதம் தலையை மாற்றாமல், மரை அளவு பார்த்து, அடியில் கிண்ணம் மாட்டுகிற பில்டரை மட்டும் வாங்கிவந்தான். வளையத்தில் எண்ணெய் தடவி, சாவி போடாமல் கையாலேயே இறுக்கிப் பல்பை அமுக்கினோம். எண்ணெய் நிரம்பியது. கால்மணி நேரம் கழித்து உறையைத் தூக்கிப் பார்த்தபோது, சுத்தமானது என்று அவன் சொன்ன கேனிலிருந்து ஒரு விரல் தண்ணீர் அடியில் நின்றது.