குரோம் பூசுவதாகச் சொல்லி இரும்பு லைனர்: பழைய செயின் சா வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

பழைய மரம் அறுக்கும் மெஷின்களை வாங்கி வீட்டிலேயே பழுது பார்க்கும் கிறுக்கு சேலத்தில் எனக்கு மட்டும் இல்லை என்று தெரியும். அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சிலிண்டரின் உட்புறத்துக்குக் குரோம் பூசித் தருகிறோம் என்று சொன்ன ஒரு பட்டறை, 14,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, பொட்டுக் குரோம்கூடப் பூசாமல் இரும்பு லைனர் (சிலிண்டருக்குள் இறுக்கமாகச் செருகும் இரும்புக் குழாய்) அடித்துக் கொடுத்திருக்கிறது. போதாததற்கு ஒரிஜினல் கார்புரேட்டரையும் கழற்றி வைத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பியிருக்கிறது. நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரையும் தெருவையும் இங்கே எழுதவில்லை. ஆனால் வேலையில் எங்கெங்கே கைவைக்கிறார்கள், எதைப் பார்த்தால் அது தெரியும் என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை.

என் மெஷின், ஸ்டில் கம்பெனியின் 070. அந்த ஜெர்மன் கம்பெனி 1959-இல் கொண்டுவந்த கான்ட்ரா என்ற மாடலின் வழியில் வந்தது. ஏறத்தாழ 106 சி.சி.; பாரும் (சங்கிலி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் மாட்டாமலே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்து காப்பி எஸ்டேட் ஒன்றில் சில்வர் ஓக் அறுத்துக்கொண்டிருந்தது. கைக்கு இலகுவான புது மெஷின்கள் வந்தபின் குடோனில் உரச் சாக்குகளுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்கள். அங்கே மேஸ்திரியாக இருக்கும் என் மாமா தகவல் சொல்ல, பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. சங்கிலி பிரேக் இல்லை, கைக்கு அதிர்வு ஏறாமல் தடுக்கும் ரப்பர் இல்லை. இதைத் தூக்கிக்கொண்டு யாரும் நாளெல்லாம் மரம் அறுக்கப் போவதில்லை. அந்தக் காலத்து வார்ப்பும் அந்தக் கனத்த சத்தமும் பிடித்தவர்களுக்கான பொருள் இது.

இந்த மெஷின் சிலிண்டரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் நடந்த மோசடி புரியும். பழைய பைக்குகளில் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் போரிங் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். 070-இன் சிலிண்டர் அப்படி அல்ல. முழுக்க அலுமினியம், உட்சுவரில் மட்டும் மெல்லிய கடினக் குரோம் படலம். அந்தப் படலத்தின் மேல்தான் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஓடுகிறது. போரிங் செய்தால் அது போய்விடும். அடியில் வெறும் அலுமினியம்தான் மிஞ்சும். அதன்மேல் பிஸ்டனை ஓட்டினால் சூடேறியதும் அலுமினியமும் அலுமினியமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மேலும் தலைப்பகுதி மூடிய ஒரே வார்ப்பு என்பதால், பைக் சிலிண்டரைப்போல இருபுறமும் திறந்து வைத்து லேத்தில் சுலபமாகக் கடையவும் முடியாது.

உள்ளே கோடு விழுந்திருந்தாலே சிலிண்டர் போய்விட்டது என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். குரோம் அதற்கு அடியில் சேதமில்லாமல் இருக்கும். காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்தக் கோட்டின்மேல் மட்டும் தடவினால் நுரைத்துக் கரைந்து வரும். காஸ்டிக் குரோமைத் தொடாது. ஆனால் போர்ட் (காற்றும் புகையும் போய்வரும் வாய்) விளிம்பிலோ வெளிப்பக்கத் துடுப்புகளிலோ பட்டால் அவற்றையும் அரித்துவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்; அது குரோமையே தின்றுவிடும்.

என் சிலிண்டரில் நிலைமை அதைத் தாண்டிவிட்டது. எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பில் விரல் நகம் அளவுக்குக் குரோம் உரிந்து, அலுமினியம் வெளியே தெரிந்தது. அப்படி உரிந்த இடத்தில் காஸ்டிக் வைக்கவே கூடாது. மறுபடியும் பூசுவது ஒன்றுதான் வழி.

பைக் சிலிண்டர் வேலைக்கு ஊருக்குள் பேர்போன பட்டறை அது. உரிமையாளருக்கு என்னைவிட வயது அதிகம். அண்ணா என்றுதான் பேச ஆரம்பித்தேன். சிலிண்டரைக் கையில் வாங்கியதுமே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “குரோம் எழும்பியிருக்கிறது தம்பி, இதற்குப் போரிங் ஆகாது” என்றார். மனிதர் விவரம் தெரிந்தவர். கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பூசி, ஹோனிங் செய்து (உட்சுவரை நுணுக்கமாகத் தேய்த்துச் சமன்செய்து) வாங்கித் தருவதாகச் சொன்னார். சிலிண்டரை மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். முழு மெஷினும் வேண்டும், பொருத்தியபின் காற்று கசிகிறதா என்று அழுத்தம் வைத்துப் பார்க்காமல் கொடுத்தால் தன் பெயர் கெட்டுவிடும் என்றார். நியாயமான பேச்சு. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிரேங்க் பக்கத்து ஆயில் சீல் கசிந்து காற்று புகுந்தால், பெட்ரோலோடு கலந்துவரும் ஆயில் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தச் சோதனையைத் தானாகவே பேச்சில் கொண்டுவரும் மெக்கானிக் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? பூச்சுக்கு 9,500, சீல் மாற்றிப் பொருத்தும் கூலி 4,500 என்று பேசி, பணத்தை அவர் போனுக்கே அனுப்பினேன்.

பொருள் திரும்பி வந்தபோது முதலில் கண்ணை உறுத்தியது அதன் பளபளப்பு. கிரேங்க் கேஸ் புதுப் பாத்திரம்போல மின்னியது. இந்த மெஷின்களின் கேஸ் மெக்னீசியம் கலவை. அதை இப்படி மின்ன வைக்கச் சுருக்கு வழி ஆசிட்தான். மெக்னீசியத் தாதுவான மேக்னசைட் தோண்டும் ஊரில் தொழில் செய்பவருக்கு மெக்னீசியத்தை ஆசிட் என்ன செய்யும் என்று தெரியாதா? சிலிண்டர் உட்காரும் முகப்பில் அம்மைத் தழும்பாகக் குழிகள். எந்த பேக்கிங்கை வைத்தாலும் காற்று உள்ளே போகும். அழுத்தம் வைத்துப் பார்த்துத்தான் தருவேன் என்று சொன்னதும் பொய்தான் என்பதற்கு அந்தக் குழிகளே சாட்சி.

சந்தேகம் வந்ததும் ஸ்டார்ட் செய்யாமல் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினேன். பிஸ்டன் மேலே ஏறும்போது ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஒரு சின்னத் தட்டல். காது கொடுத்தால்தான் கேட்கும்; ஆனால் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பு கத்திபோல் நின்றது. கம்பெனி சிலிண்டரில் அந்த விளிம்பு லேசாகச் சரித்து மழுக்கப்பட்டிருக்கும். ரிங் வெளியே பிதுங்கினாலும் வழுக்கி உள்ளே திரும்பிவிடும். இங்கே ரிங் ஒவ்வொரு முறையும் விளிம்பில் இடறிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் இது ஓடியிருந்தால் ரிங் துண்டு துண்டாகி, பிஸ்டனின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிருக்கும்.

சிலிண்டரைக் கழற்றி, ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த சின்னக் காந்தத்தை உள்ளே விட்டேன். கப்பென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, குரோமிலும் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்புதான். கீழ் விளிம்பை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும், அலுமினியத்துக்கும் லைனருக்கும் நடுவே முடி அளவில் ஒரு வட்டக் கோடு தெரிந்தது. போர்ட்டுகளை ரோட்டரி ஃபைலால் கையாலேயே திறந்திருக்கிறார்கள். லைனரில் வெட்டிய வாயும் வெளி வார்ப்பின் வாயும் ஒரு பக்கம் ஒன்றோடொன்று சேரவில்லை. இந்த இன்ஜினில் வால்வு கிடையாது. எந்த வாய் எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பிஸ்டனின் நகர்வும் போர்ட்டின் உயரமும்தான் தீர்மானிக்கின்றன. அந்த உயரம் மாறினால் இழுவையும் போய்விடும்.

லைனர் போட்டால் என்ன, அதுவும் ஓடத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவது அலுமினியம். காற்றால் மட்டுமே குளிரும் சிலிண்டரில் சூடேறும்போது வெளிக்கூடு விரிந்து லைனரை விட்டு விலகும். இடைவெளி வந்தால் சூடு துடுப்புகளுக்குப் போகாமல் உள்ளேயே தங்கும். சரியான இறுக்கம் கணக்கிட்டு, வார்ப்பைச் சூடாக்கி லைனரை இறக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை லைனர் என்று சொல்லியே விற்பார்கள். இவர் குரோமுக்குப் பணம் வாங்கினார்.

கார்புரேட்டர் கதை சின்னது. பழுதுக்கு வெளியே போகும் எந்தப் பாகத்திலும் சென்டர் பஞ்சால் வெளியே தெரியாத இடத்தில் புள்ளி வைப்பது என் வழக்கம். என் டில்லாட்சன் கார்புரேட்டரின் அடி விளிம்பில் அருகருகே இரண்டு புள்ளிகள் இருந்தன. திரும்பி வந்ததில் புள்ளியும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. பழைய 070-இன் ஒரிஜினல் பாகங்களுக்கு வாங்க ஆள் இருக்கிறது. இந்த மாடலின் சீன நகல்கள் பரவலாக விற்பதால் மாற்றி மாட்டவும் பொருள் சல்லிசாகக் கிடைக்கிறது. மாற்றுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

காந்தத்தையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனேன். “கோயம்புத்தூர்க்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் தம்பி” என்றார் முதலில். அனுப்பிய ரசீதைக் கேட்டேன். அது இல்லை என்றானதும் பேச்சு மாறியது: பழைய மெஷினுக்கு லைனர்தான் நிலைக்கும், நல்லதைத்தான் செய்திருக்கிறேன், இதற்கு மேல் இந்த ஓட்டை மெஷினில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டதும், “மாறிப்போயிருக்கும்” என்று உள்ளே போய் என்னுடையதை எடுத்து வந்தார். இரண்டு புள்ளிகளும் அப்படியே இருந்தன. தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தனியாக எடுத்துத்தான் வைத்திருந்திருக்கிறார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

அவர் கொடுத்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டு. ஆனால் அதில் அவர் கையெழுத்திலேயே ‘குரோம் பூச்சு 9,500’ என்று இருக்கிறது. போனில் பணம் போன விவரம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். இதே பட்டறையில் இதே கதியானவர்கள் தனித்தனியாகக் கொடுத்தாலும் நல்லதுதான்.

இனி யாராவது பூச்சு வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், பூசும் இடத்தின் ரசீதைக் காட்டினால்தான் மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சிலிண்டரை மட்டும் கொடுங்கள். சீல், இக்னிஷன் பாயிண்ட், கார்புரேட்டர் வேலையெல்லாம் வீட்டு மேசையில் முடிகிற வேலைகள். சைக்கிள் பம்பும் ரத்த அழுத்தக் கருவியின் மீட்டரும் இருந்தால் காற்றுக் கசிவையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். வார்ப்பில் இருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். 070-க்கும் அதே வரிசையின் பெரிய மெஷினான 090-க்கும் அது 1106 என்று தொடங்கும். திரும்ப வாங்கும்போது சட்டைப் பையில் காந்தம் இருக்கட்டும், காசு கொடுப்பதற்கு முன் அவர் கண்ணெதிரிலேயே உள்ளே விட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அந்த மேசையில் ஒரு 090 சிலிண்டர் இருந்தது. மேல் துடுப்பில் நீல பெயின்ட்டால் ஒரு கோடு. இன்னும் கை வைக்கவில்லை. உள்ளே பழைய குரோம் அப்படியே இருந்தது. யாருடையது என்று கேட்டதற்கு, ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவருடையது என்று மட்டும் சொன்னார். நீலக் கோடு போட்ட சிலிண்டரைச் சேலத்தில் வேலைக்குக் கொடுத்திருப்பவர் இதைப் படித்தால், லைனர் அடிப்பதற்குள் போய் வாங்கிவிடுங்கள்.