டிக்கி காலியாக வந்த இம்பாலா

வாங்கியது 1964 ஷெவர்லே இம்பாலா லோரைடரின் (தரையை ஒட்டித் தாழ்த்திய கார்) மாடல் பொம்மை, 1:24 ஸ்கேல், விலை 32 டாலர். லாஸ் ஏஞ்சல்ஸில் எட்டு வருஷமாக இருந்தும், கிழக்கே விட்டியர் புலிவார்டில் நிஜ வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்ந்து போவதை இந்த வருஷம்தான் பார்த்தேன். அந்த மயக்கத்தில் வாங்கிவிட்டேன். குறை சொல்லப்போகிறேன் என்பதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

பெயின்ட் அருமை. கேண்டி சிவப்பு என்பார்கள்; நிஜ வண்டியில் வெள்ளியோ தங்கமோ அடிப்பூச்சாகக் கொடுத்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தைப் பல கோட் ஏற்றுவார்கள். இந்த 22 சென்டிமீட்டர் வண்டியிலும் அந்த ஜாலம் வந்திருக்கிறது. ஜன்னலோரம் வைத்தால் வெயில் படும் கூரை ரோஸ்மில்க் மாதிரி மின்னுகிறது, கதவுக்குக் கீழே நாவல்பழ நிறம். பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு விளக்குகள், எல்லாமே தனித்தனி பிளாஸ்டிக். பெயின்ட் பொட்டு வைத்து ஏமாற்றவில்லை.

சக்கரம் சுமார். ஸ்போக் குடைக்கம்பி கனத்துக்கு இருக்கிறது. இடது முன் டயரில் வெள்ளைப் பட்டை மையம் தவறி ஒட்டியிருப்பதால், உருட்டினால் வண்டி நொண்டுவது போலத் தெரிகிறது.

என் பெரிய கோபம் உயரத்தின் மேல்தான். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது. இதற்கு எதற்கு லோரைடர் என்று பெயர்? தரையோடு தரையாக ஓட்டுவதற்காக அந்த ஊர் மெக்சிகன் அமெரிக்கப் பையன்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. அடுத்த வருஷமே ரான் அகிரே என்பவர் விமானத்தின் ஹைட்ராலிக் பாகங்களை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் பாகங்களை, தன் கார்வெட் காரில் பொருத்தினார். போலீஸ் வந்தால் சுவிட்சைத் தட்டி வண்டியைத் தூக்கிவிடலாம், போனதும் இறக்கிக்கொள்ளலாம்! அந்தத் தடை முழுசாக விலகியது 2024-ல்தான்.

இந்த ஹைட்ராலிக்ஸை இயக்கும் பம்பும் பாட்டரி வரிசையும் உட்காரும் இடம் டிக்கி. ஆசையாக நகத்தால் நெம்பித் திறந்தேன். வழவழப்பான கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, வேறொன்றுமில்லை. இன்ஜினுக்கு ஒயர்கூட இழுத்தவர்கள் இங்கே கைவிட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் முகம் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஹைட்ராலிக்ஸ் வருவதற்கு முந்திய வழி ஞாபகம் வந்தது: டிக்கியில் மணல் மூட்டை. தூண்டிலுக்கு வாங்கி வைத்திருந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஏழாவது குண்டில் பின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது. ஒன்பதாவதில் மட்கார்டு டயரின் தலையை மூடிவிட்டது. மூக்குதான் இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது. போனட்டுக்குள் குண்டு வைக்க இடமில்லை, அந்த ஒயர் போட்ட இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது.