கீழ்ப்பாக்கமா, மாவட்ட ஜி.எச்.சா, தாலுகா ஆஸ்பத்திரியா?

வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பெரிய டாக்டரா பாருங்க." தனியாரிடம் போனால் அன்றே பார்த்துவிடுவார்கள், சரி. ஆனால் வருடக்கணக்கில் மாத்திரை ஓட வேண்டிய நோய் இது. நாலு மாதம் ஃபீஸ் கட்டிவிட்டு, முடியாமல் நிறுத்தி, நோய் திரும்பி வந்த குடும்பங்கள் ஏராளம். அதனால் அரசு வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதுவும் சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: இரண்டு வருடம் கழித்தும் மாதம் தவறாமல் அங்கே போய் நிற்க முடியுமா?

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. படுக்கை வசதி, அனுபவம், சிக்கலான நோயாளிகளைக் கையாளும் திறமை எல்லாம் உண்டு. ஆனால் தென்காசியிலிருந்தோ தேனியிலிருந்தோ போய்வர இரண்டு இரவு, கூட வருபவருக்கு இரண்டு நாள் கூலி போச்சு. இன்னொரு தடை நம் சினிமாக்காரர்கள் கட்டியது. அந்த ஊர்ப் பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருப்பதால், "கீழ்ப்பாக்கம் போகலாம்" என்று சொன்னாலே நோயாளி வண்டியில் ஏற மாட்டார். மாத மாத்திரைக்கு இது ஒத்துவராது. மற்ற இடங்களில் கட்டுப்படாத நோய், நீண்ட நாள் உள்நோயாளியாக இருக்க வேண்டிய நிலை என்றால் மட்டும் போகலாம்.

அடுத்தது மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. காலையிலேயே போகாவிட்டால் அன்றைய பாடு வீண். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் கூட்டம் இப்படித்தான் இருக்கும். எனக்கு அதைவிட எரிச்சல், பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு முறையும் "எப்போ ஆரம்பிச்சுது?" என்று முதலிலிருந்து கேட்பார்கள். எங்கள் வீட்டுக்காரரே ஒருநாள் நோட்டை நீட்டி, "எல்லாம் இதுல இருக்கு டாக்டர், படிங்க" என்று சொல்லிவிட்டார். ஆனாலும் நோய் என்னவென்று தீர்மானிக்க இதுதான் இடம். தைராய்டா, மூளையில் வேறு கோளாறா என்று மற்ற பிரிவுகளிலும் பார்த்துவிடலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் என்றால் முதல் 18 வாரமும் வாரந்தோறும் வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். இந்த இரண்டில் எந்த மருந்தில் இருப்பவர்களும் தூரத்தைப் பார்க்காமல் இங்கேயே தொடர்வது நல்லது.

தாலுகா மருத்துவமனையில் நடப்பது மாவட்ட மனநலத் திட்டத்தின் கிளினிக். தேசிய அளவில் 1996-இல் தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிக்கு. குறிப்பிட்ட கிழமையில் மனநல மருத்துவர் வருவார். கூட்டம் குறைவு, பெரும்பாலும் அதே டாக்டர், முகம் பார்த்தே "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கூட வரும் அம்மாவுக்கோ மனைவிக்கோ செலவும் இல்லை. குறை என்னவென்றால், அந்தக் கிழமையில் அரசு விடுமுறை வந்தாலோ, டாக்டரை வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டாலோ அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். மருந்து தீர்ந்துபோனால் "வெளியே வாங்கிக்கோங்க" என்பார்கள். அப்படிச் சொல்லக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. இதை எழுதி தலைமை மருத்துவ அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். வாயால் கேட்பதற்கும் மனுவுக்கும் வித்தியாசம் உண்டு.

14416 பற்றியும் ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் அது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இருட்டிய பிறகு வரும் நெருக்கடிக்கு உதவும், அருகில் எங்கே போவது என்று சொல்லும். மாதாந்திர சிகிச்சைக்கு மாற்றாக அதை எண்ணிவிடாதீர்கள்.

நள்ளிரவில் நோயாளி கட்டுக்கடங்காமல் போனால் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போங்கள். "இங்க சைக்யாட்ரிஸ்ட் இல்லை" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதே சட்டத்தின் 94-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. அங்கேயே மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை.

என் கணக்கு இது: மருத்துவக் கல்லூரியில் தொடங்குங்கள். மருந்தளவு நிலைத்து, சில மாதம் நோய் அடங்கியிருந்தால் தாலுகாவுக்கு மாறுங்கள். மாறும்போது மாற்றல் கடிதம் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெளிவாக இருக்கட்டும், கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தப்பட்டது என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே மாத்திரையை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.