விண்கலத்துக்குள் ஓடும் தரவு: எந்தக் கம்பியை நம்புவது?

விண்கலம் பூமிக்குத் தரவு அனுப்புவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தத் தரவு ஆன்டெனாவை எட்டுவதற்கு முன், கலத்துக்குள்ளேயே கேமராவிலிருந்து நினைவகத்துக்கும் அங்கிருந்து டிரான்ஸ்மிட்டருக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தச் சில மீட்டர் கம்பியைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 4096-க்கு 4096 பிக்சல், பிக்சலுக்கு 12 பிட், நொடிக்கு 10 படம். இப்படி ஒரு கேமரா இருந்தால் நொடிக்குச் சுமார் 2 ஜிகாபிட் வெளியே வரும். இந்த ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்போம்.

மிகப் பழையது 1553 பஸ், அதாவது பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கம்பி. 1970-களில் அமெரிக்க ராணுவ விமானங்களுக்காக உருவான தரநிலை. வேகம் நொடிக்கு 1 மெகாபிட். நம் கேமராவின் ஒரு நொடிப் படங்களை இதில் அனுப்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இன்றைக்கும் கட்டளைகள் ஓடுவது பெரும்பாலும் இதில்தான். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பஸ்ஸில் சேர்வதால், ஒரு பெட்டிக்குள் ஷார்ட் ஆனாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும். கட்டுப்படுத்தும் கணினி கேட்டால் மட்டுமே மற்றவை பேசும். அதனால் எந்தச் செய்தி எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். வேகத்தை மட்டும் பார்த்து இதைக் குப்பையில் போடுவது தவறு.

அடுத்தது ஸ்பேஸ்வயர். டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பார்க்ஸும் அவர் குழுவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்காக உழைத்து, 2003-ல் ஐரோப்பியத் தரநிலையாக வெளிவந்தது. நொடிக்கு 2 முதல் 400 மெகாபிட் வரை போகும். கேபிளுக்குள் முறுக்கிய கம்பி ஜோடிகள் நான்கு, நீளம் 10 மீட்டர் வரை. இதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஒரு ஜோடியில் தரவு, இன்னொன்றில் ஸ்ட்ரோப் என்ற துணைச் சமிக்ஞை. தரவு மாறாத இடத்தில் மட்டும் ஸ்ட்ரோப் மாறும். இரண்டையும் ஒரு சாதாரண லாஜிக் கேட்டில் சேர்த்தால் கடிகாரத் துடிப்பு தானாகக் கிடைத்துவிடும். தனியாக அனலாக் சுற்று எதுவும் தேவையில்லை, எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்பின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ, புதனுக்குப் போகும் பெப்பிகொலம்போ என்று எல்லா இடத்திலும் இது பரவியதற்கு இந்த எளிமைதான் காரணம்.

அதன் உச்சவரம்பும் அங்கேயே இருக்கிறது. தரவும் ஸ்ட்ரோபும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். வேகம் கூடக் கூட, இரண்டு ஜோடிகளுக்கும் இடையில் வரும் மிகச் சின்னத் தாமதம்கூடக் காலை வாரிவிடும். 8 பிட் தரவுக்கு 2 பிட் கூடுதல் சுமை வேறு. கம்பியில் 200 மெகாபிட் ஓடினால் கைக்கு வருவது 160தான். நம் கேமராவுக்கு இப்படிப் பதின்மூன்று கேபிள் இழுக்க வேண்டும்.

சரி, வேகத்தை விடுங்கள். எனக்கு இதைவிடக் கவலை தருவன வேறு இரண்டு. முதலாவது, கேபிள்களுக்கு நடுவே வழிகாட்டும் ரௌட்டர், பாக்கெட்டை (தரவுப் பொதியை) சேமித்து வைக்காமல் அப்படியே கடத்திவிடும். பாக்கெட்டின் நீளத்துக்கும் வரம்பில்லை. பெறும் கருவி நடுவில் திணறினால், அந்தப் பாக்கெட் வழிநெடுக நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வரும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். இரண்டாவது, ஒரு பிட் பிழை வந்தால் இணைப்பு அறுந்து மறுபடி தொடங்கும், நடுவிலிருந்த பாக்கெட் துண்டாகிவிடும். அதைத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு இணைப்பு மட்டத்தில் இல்லை. 2016-ல் ஏவிய கோஸ்-ஆர் வானிலைச் செயற்கைக்கோளுக்கு, ஸ்பேஸ்வயரின் மேல் தரவு பத்திரமாய்ச் சேர்வதை உறுதிசெய்யத் தனி நெறிமுறையே எழுதினார்கள். ஒவ்வொரு திட்டமும் இப்படித் தானே எழுதிச் சோதித்துக்கொண்டிருந்தால் உழைப்பு எவ்வளவு வீணாகும்!

ஸ்பேஸ்வயர் போதாதபோது பலர் பிடித்த குறுக்குவழி விசார்ட்லிங்க். பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 2.5 ஜிகாபிட் வரை அனுப்பும் ஒரு சீரியல் சிப். நல்ல சிப்தான். ஆனால் அது பிட்டுகளைக் கடத்துவதோடு சரி. பிழை வந்தால் என்ன செய்வது, எது முதலில் போக வேண்டும் என்பதெல்லாம் நம் தலையில்.

இந்த இடத்தில்தான் ஸ்பேஸ்ஃபைபர் வருகிறது. அதே டண்டீ வேரிலிருந்து முளைத்தது, 2019-ல் ஐரோப்பியத் தரநிலையானது. பேரைப் பார்த்து ஒளியிழை மட்டும் என்று நினைக்க வேண்டாம். செம்புக் கம்பியிலும் ஓடும். செம்பில் சுமார் 5 மீட்டர், ஒளியிழையில் 100 மீட்டர். ஸ்பேஸ்வயரின் பாக்கெட் வடிவத்தையே வைத்துக்கொண்டதால் பழைய கருவிகளையும் மென்பொருளையும் தூக்கியெறிய வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது கோளாறு வரும்போது அது நடந்துகொள்ளும் விதம். பாக்கெட்டுகளைச் சின்னச் சின்னச் சட்டகங்களாக நறுக்கித்தான் அனுப்புகிறது, ஒரு சட்டகத்தில் அதிகபட்சம் 256 பைட். அனுப்பியவர் கையில் ஒரு நகல் இருக்கும், எதிர்முனை ‘கிடைத்தது’ என்று சொல்லும்வரை அதை விடமாட்டார். கதிர்வீச்சுத் துகள் பட்டு ஒரு பிட் புரண்டால், மேலே ஓடும் மென்பொருளுக்குத் தெரியாமலேயே சில மைக்ரோநொடிகளில் அந்தச் சட்டகம் மறுபடி போய்விடும். அப்புறம் மெய்நிகர் சேனல்கள். ஒரே இணைப்பில் 32 வரை வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி இடையகம் (தரவு காத்திருக்கும் இடம்), தனி முன்னுரிமை. ஒரு சேனல் திணறினால் அது மட்டும்தான் நிற்கும். ஒரே இணைப்பில் பல தடங்களை (இணையாக ஓடும் வழிகளை) சேர்த்து ஓட்டும்போது ஒரு தடம் செத்துப்போனால், மீதித் தடங்கள் சுமையை எடுத்துக்கொள்ளும். வேகம் குறையும், ஆனால் முக்கியமானது முதலில் போகும்.

விலையும் உண்டு. ஜிகாபிட் வேகத்துக்குக் கதிர்வீச்சைத் தாங்கும் சீரியல் டிரான்ஸீவர் (அனுப்பவும் பெறவும் செய்யும் சுற்று) வேண்டும், அது மின்சாரம் தின்னும். விண்வெளிக்கான ஆர்டிஜி4 எஃப்பிஜிஏ-வில் இத்தகைய தடங்கள் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன, ஒவ்வொன்றும் 3.125 ஜிகாபிட். குறியீட்டுச் சுமையைக் கழித்தால் 2.5. நம் கேமரா ஒரே தடத்தில் அடங்கிவிடும்தான், மீதம் அதிகமில்லை. நானாக இருந்தால் இரண்டு தடம் வைப்பேன். ஒன்று போனாலும் படம் வந்துகொண்டிருக்கும்.

போட்டியில் இன்னொருவர் டிடி ஈதர்நெட், நேர அட்டவணைப்படி ஓடும் ஈதர்நெட் வகை. நாசாவின் ஓரியன் விண்கலத்திலும் ஐரோப்பாவின் ஏரியன் 6 ராக்கெட்டிலும் இருப்பது இதுதான். எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள, முக்கியமான ஒவ்வொரு செய்திக்கும் புறப்படும் நேரம் ஏவுவதற்கு முன்பே குறிக்கப்பட்டிருக்கும். மிச்ச நேரத்தில் சாதாரண ஈதர்நெட் பாக்கெட்டுகள் போகலாம். பறத்தல் கட்டுப்பாடும் வீடியோவும் ஒரே கம்பியில்! மனிதர் போகும் கலத்தில் இந்த நேர உறுதி பெரிய விஷயம். கேமராவைப் பார்த்தால், ஓரியனில் உள்ள 1 ஜிகாபிட் இணைப்பு அதற்குப் பாதிதான்.

ஒரே கம்பியில் எல்லாவற்றையும் ஓட்டுவதன் ஆபத்தும் வெளிச்சத்துக்கு வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நாசாவும் 2022-ல் பிசிஸ்பூஃப் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். முக்கியமில்லாத ஒரு கருவிக்குள் ஒளித்த சின்னச் சுற்று, கேபிள் வழியாக மின்காந்த இரைச்சலை, கருவிகளை இணைக்கும் ஸ்விட்ச்சுக்குள் செலுத்தியது. ஸ்விட்ச் குழம்பி, கடிகாரங்களைச் சேர்ந்து ஓடவைக்கும் ஒத்திசைவுச் செய்திகளின் போலிகளைக் கடத்திவிட்டது. நாசாவின் சோதனைக் களத்தில் ஓரியன் இன்னொரு கலத்தோடு இணைவதைப் பாவித்துப் பார்த்தபோது, அது பாதை விலகிப்போனது. அவர்கள் சொன்ன தீர்வுகளில் ஒன்று, செம்புக்குப் பதில் ஒளியிழை. இரைச்சல் அதில் ஏறாது.

ஒளியிழை என்றதும் மயங்கவும் வேண்டாம். 1992-ல் ஏவிய சாம்பெக்ஸ் செயற்கைக்கோளிலேயே ஒளியிழைப் பஸ் இருந்தது, எனவே இது புதுமையும் இல்லை. கதிர்வீச்சில் கண்ணாடி கறுக்கும், கடுங்குளிரில் உறை சுருங்கி இழையை நெருக்கும். விண்வெளி நிலையத்துக்காக வாங்கிய இழைகளில், அமிலம் கண்ணாடியை அரித்த குழிகளைக் கண்டுபிடித்தார்கள். குழியின் வடிவத்தைப் பார்த்து அதற்கு ‘ராக்கெட் என்ஜின்’ குறை என்றே பேர் வைத்தார்கள். பெட்டிகள் 5 மீட்டருக்குள் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நான் செம்பிலேயே நிற்பேன்.

என் தேர்வைக் கேட்டால், படத்தரவுக்கு இரண்டு தட ஸ்பேஸ்ஃபைபர். சின்ன உணர்கருவிகளுக்கு ஸ்பேஸ்வயர் போதும். கலத்தைத் திருப்பும், எரிபொருள் வால்வைத் திறக்கும் கட்டளைகளுக்கு அந்தப் பழைய 1553-ஐத் தனியாகவே விட்டுவைப்பேன். இரண்டாவது கேபிள் கட்டு எடையைக் கூட்டும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். ஆள் ஏறும் கலமென்றால் மட்டும் அந்தக் கட்டளை வேலையை டிடி ஈதர்நெட்டிடம் கொடுப்பேன், நம்பத்தகாத கருவி சேரும் ஒவ்வொரு முனையிலும் ஒளியிழைத் துண்டு ஒன்றை வைத்து.