பழைய மாமல்லபுரம் சாலையில் இரண்டு அலுவலகங்கள்

பிற நிறுவனங்களுக்காக மென்பொருள் வேலை செய்துகொடுக்கும் ஒரு பெரிய சேவை நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளும், ஒரு பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சென்னைக் கிளையில் கடந்த நான்கு ஆண்டுகளும் வேலை பார்த்திருக்கிறேன். சேவை நிறுவனத்திலிருந்து வெளியே வரலாமா என்று யோசிக்கும் இளையவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால் இதை எழுதுகிறேன். என் சாய்வு இரண்டாவது பக்கம்தான்.

சம்பளம் பன்னாட்டு நிறுவனத்தில் கூடுதல். அதில் ஒரு பகுதி பங்குகளாக வருகிறது. இது எல்லாரும் அறிந்ததே. மூன்று மாத நோட்டீஸ், புராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் காத்திருக்கும் வாரங்கள் ஆகியவை சேவை நிறுவன வாழ்க்கையின் பகுதி. ஆனால் இயந்திரவியல் படித்துவிட்டு வந்த எனக்குச் சம்பளமும் கொடுத்து, நிரல் எழுதவும் கற்றுக்கொடுத்தது அந்த நிறுவனம்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

பெல் கர்வ் (இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று ஊழியர்களை விகிதப்படி தரம் பிரிப்பது) பற்றியும் கேட்கிறார்கள். இப்படி ஊழியர்களைக் கட்டாயமாகத் தரவரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. ஆனால் முறை எதுவானாலும், மேலாளரின் கையில் இருக்கும் ஊதிய உயர்வுத் தொகை அளவானது என்பதால் யாருக்காவது குறைத்தே ஆக வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் இரு இடங்களுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது ஒன்றே: ஒருவர் கையால் ஒரு பெரிய பிழை நடந்துவிட்டால், மறுநாள் காலையில் அந்த அலுவலகம் என்ன செய்கிறது என்பது.

சேவை நிறுவனத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு, சோதனைச் சர்வரில் ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) நான், பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சர்வரான புரொடக்‌ஷனில் ஓட்டிவிட்டேன். இரண்டும் கறுப்புத் திரைகள்; மேலே உள்ள சர்வர் பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. கிளையன்டின் கட்டணச் சேவை நாற்பது நிமிடம் நின்றது. காலையில் வந்த முதல் மின்னஞ்சலே 'இதைச் செய்தது யார்?' என்றுதான் இருந்தது. அடுத்து நாங்கள் அனுப்பிய ஆர்சிஏ (மூல காரண ஆய்வு) அறிக்கையில் காரணம் 'மனிதப் பிழை' என்றும், தீர்வு 'சம்பந்தப்பட்டவருக்கு அறிவுறுத்தப்பட்டது' என்றும் இருந்தன. திரைகள் அப்படியே இருந்தன. சில மாதங்களில் வேறொரு நண்பர் அதே தவறைச் செய்தார். அவர் அதை முதல் அரை மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு அவர் எப்படிச் சொல்வார்?

இப்போதைய இடத்தில் ஏறத்தாழ இதே பிழை நடந்தபோது எழுதப்பட்ட போஸ்ட்மார்ட்டம் ஆவணத்தில் (என்ன நடந்தது, ஏன் நடந்தது என்ற ஆய்வில்) யார் பெயரும் இல்லை. 'ஆன்காலில் இருந்த பொறியாளர்', அதாவது அந்த நேரத்தில் அவசர அழைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர், என்று மட்டுமே இருந்தது. ஏன் நடந்தது என்ற கேள்வியை ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி கேட்டுக்கொண்டே போய், இரு திரைகளும் ஒன்றுபோல் இருப்பதில் வந்து நின்றார்கள். அந்த வாரமே புரொடக்‌ஷன் திரையின் பின்னணி சிவப்பானது; அழிக்கும் கட்டளை எதுவானாலும் சேவையின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்தால்தான் ஓடும் என்றும் ஆனது. பிழை செய்தவர்தான் அந்த மாற்றத்தை எழுதினார்.

இந்தப் பழக்கம் வெளிப்படையாகத் தெரிந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்னும் இணையத் தரவுச் சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. கட்டளை ஒன்றில் தவறான உள்ளீடு கொடுக்கப்பட்டதால், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டுவிட்டன. நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில் ஊழியரின் பெயர் இல்லை. அவ்வளவு சர்வர்களை அவ்வளவு வேகமாக நீக்க அந்தக் கருவி இடம் கொடுத்ததையே குறையாகச் சொல்லி, அதைத் திருத்தினார்கள்.

சேவை நிறுவனத்தின் மேலாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எஸ்எல்ஏ (கிளையன்டுக்கு உறுதியளித்த சேவைத் தரம்) தவறினால் அபராதம் என்று ஒப்பந்தம் இருக்கும்போது, கிளையன்டுக்கு உடனே ஒரு பதில் தேவைப்படுகிறது. கருவியை மாற்றும் அதிகாரமோ பெரும்பாலும் கிளையன்டிடம்தான் இருக்கிறது. தம் பொருளைத் தாமே சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்தக் கட்டு இல்லை. ஆகவே நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்ததும், அந்தக் குழு கடைசியாகச் சந்தித்த பெரிய முடக்கத்தைப் பற்றியும், அதன்பின் என்ன மாறியது என்பதையும் நீங்கள் கேளுங்கள்.

நான் பார்த்தது ஒரே ஒரு குழுவைத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் குழுவில் நிலைமை வேறாக இருக்கலாம். ஆன்கால் வாரத்தில் தூக்கம் கெடுகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது பெரிய பாரம். ஆட்குறைப்பை நான் நேரில் சந்தித்ததில்லை, ஆனால் 2023 ஜனவரியில் மட்டும் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. வீட்டுக் கடன் தவணை ஒருவர் சம்பளத்தையே நம்பியிருந்தால், ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு மாறுவது நல்லது. நான் அப்படித்தான் மாறினேன்.