வாடகைக்கு எடுத்த பத்து லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம்: 41 நாள் அனுபவம்

திருச்சி தில்லைநகர்ப் பகுதியிலுள்ள மருத்துவக் கருவிக் கடை ஒன்றிலிருந்து நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை வாடகைக்கு எடுத்து 41 நாட்கள் வீட்டில் வைத்திருந்தேன். என் மனைவிக்காக எடுத்தது. அவளுக்கு அப்போது 29 வயது. இப்போது அவள் இல்லை. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தும் இரண்டு மாதங்கள் ஆகின்றன. எடுப்பதற்கு முன் நான் தேடிப் படித்தவையெல்லாம் விற்பவர்கள் எழுதியவையாகவே இருந்ததால், பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடைகளின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே கடை உங்களுக்கு நல்ல இயந்திரத்தையும் அடுத்த தெருக்காரருக்குத் தேய்ந்ததையும் அனுப்பக்கூடும் என்பதால், வாசலில் வந்து இறங்கும் இயந்திரத்தை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் பயன்படும்.

எந்த நோய்க்காக எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் இயந்திரத்தைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாது. அவளுக்கு வந்தது தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைடிஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயில் ஓர் அரிய வகை, எம்.டி.ஏ.5 என்ற புரதத்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்வது. செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் கண்டறிந்து எச்சரிக்கிற காவல் புரதம் அது. இந்த எதிர்ப்பொருளை ஜப்பானிய மருத்துவர்கள் 2005இல்தான் முதன்முதலில் விவரித்தார்கள். பெயரில் தசை (‘மயோ’) இருந்தாலும் இந்த வகையில் பலருக்குத் தசை பலவீனம் தெரிவதே இல்லை. தோலில் தொடங்கி நேராக நுரையீரலுக்குப் போய்விடுகிறது, சிலருக்குச் சில வாரங்களிலேயே. அவளுக்கு விரல் முட்டிகளில் சிவந்த தடிப்புகள் வந்தபோது பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பை மாற்றினோம். உள்ளங்கையில் வலியோடு சிறு கொப்புளங்கள் வந்தபோது களிம்பு தடவினோம். மாடிப்படி ஏறுகையில் நடுவில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து அவள் மூச்சு வாங்கியதைக் கண்ட அன்றுதான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், பிளாஸ்மா மாற்றம் எல்லாம் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, அடுத்த தவணை ஊசி வரை வீட்டில் ஆக்சிஜனோடு இருக்கலாம் என்று அனுப்பினார்கள்.

அனுப்பும்போது சீட்டில் ‘ஆக்சிஜன் 3 லிட்டர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதைக் காட்டி வேறொரு கடையில் ஐந்து லிட்டர் இயந்திரத்தை எடுத்தேன். அதுவே முதல் பிழை. மூன்று லிட்டர் என்பது படுத்திருக்கும்போது வேண்டிய அளவு. எழுந்து குளியலறை வரை நடந்தால் அவளுக்கு ஆறு லிட்டர் தேவைப்பட்டது. ஓய்வில் எவ்வளவு, நடந்தால் எவ்வளவு, ஆக்சிமீட்டரில் எந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். முன்பணமும் வாடகையும் மட்டுமே அவர் கேட்டார்.

இரண்டாவது குறை என் கண்ணுக்கே தெரியாதது. இந்த இயந்திரங்கள் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றை உறிஞ்சி, சியோலைட் என்னும் மணிகள் நிரம்பிய உருளைகளுக்குள் அழுத்தி, நைட்ரஜனை அங்கேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகின்றன. நல்ல நிலையிலிருந்தால் வெளிவரும் காற்றில் 90 முதல் 96 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும். ஈரம் ஏறி அந்த மணிகள் கெட்டுப்போனால், இயந்திரம் அதே சத்தத்தோடு ஓடும், எத்தனை லிட்டர் என்று காட்டும் மீட்டரில் பந்தும் அதே கோட்டில் மிதக்கும், ஆனால் ஆக்சிஜன் குறைந்திருக்கும். சில இயந்திரங்களில் இதைக் காட்ட விளக்கு உண்டு. எங்களுக்கு வந்ததில் இல்லை. மூன்று இரவுகள் ஆக்சிமீட்டரில் அவளுடைய இரத்த ஆக்சிஜன் அளவு 88ஐத் தாண்டவில்லை. நோய் முற்றுகிறது என்றே நினைத்து இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். நான்காம் நாள் பத்து லிட்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்த இரண்டாவது கடையின் பையன், தன் பையிலிருந்து ஆக்சிஜன் விழுக்காட்டைக் காட்டும் கையடக்க அளவி ஒன்றை எடுத்துப் பழைய இயந்திரத்தின் வாயில் செருகிக் காட்டினான். 76 என்று வந்தது. “இந்த மிஷின் தேறாதுண்ணா” என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்ததற்கும் அதே சோதனையைச் செய்து 94 என்று காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினான்.

அந்த மூன்று நாட்களால் நோயின் போக்கு மாறியிருக்காது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அவர் சொன்னதை நம்புகிறேன். இருந்தாலும் முதல் கடைக்கு நான் தரும் மதிப்பெண் சுழி. அளவி வைத்துக் காட்டாத எவரிடமும் இயந்திரம் எடுக்காதீர்கள்.

இரண்டாவது இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. ஏறத்தாழ 25 கிலோ எடை. முதல் மாடிக்கு ஏற்ற இருவர் வேண்டும். சக்கரம் உண்டு, ஆனால் நம் வீட்டு வாசற்படிகளைத் தாண்டும் சக்கரம் இல்லை. சில விநாடிக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று மூச்சுவிட்டு ‘டக்’ என்று தட்டும். முதல் நாள் இரவு, “வீட்டுக்குள்ளயே ரைஸ்மில் வச்சாச்சு” என்றாள். அதன்பின் வீட்டில் அதற்கு ரைஸ்மில் என்றே பெயர். படுக்கையறைக்கு வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோனால் ஓரளவு தூங்கலாம். சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பின்புறம் ஓர் அடியாவது இடம் விட வேண்டும். பக்கவாட்டுப் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்திப் போட வேண்டும். வரும் காற்றை ஈரப்படுத்தும் நீர்ப்புட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குடிக்கும் கேன் தண்ணீரை நானே ஒருநாள் ஊற்றி, பையனிடம் திட்டு வாங்கினேன்.

ஏழு மீட்டர் குழாய் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அது குளியலறை வரை வந்தது, அடுக்களைக்குள் வரவில்லை. வராததும் நல்லதே, அடுப்பு எரியும் இடத்துக்கு ஆக்சிஜன் போகக் கூடாது. குழாய் முடியும் இடத்தில், கூடத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அங்கிருந்தே சொல்வாள். நான் கரைத்ததைக் கிண்ணத்தில் எடுத்துவந்து காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்தே, “இன்னும் ஒரு தரம் பிழிங்க” என்பாள். விரல் நுனிகளில் புண் வருவதும் இந்த நோயின் குணம். அவளுக்கு இடது கைச் சுண்டுவிரல் ஒன்றுதான் தப்பியது. ஆக்சிமீட்டரை அதில்தான் மாட்டினோம்.

மின்சாரத்தைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. இந்த இயந்திரம் சுமார் 600 வாட் இழுக்கிறது, அதாவது நாளொன்றுக்கு 14 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச 100 யூனிட் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது. மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றால் மாலையில்தான் வரும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆகவே சிலிண்டர் இல்லாமல் இந்த இயந்திரத்தை எடுக்கவே கூடாது. ‘பி டைப்’ சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஆறு லிட்டர் வேகத்தில் நான்கு மணி நேரம் வரும். நாங்கள் இரண்டு வைத்திருந்தோம். மின்தடை நாளைச் செய்தித்தாளில் பார்த்து, முந்தின நாளே பையன் தொலைபேசியில் அழைத்துச் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று இருமுறை கேட்டான். கடைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த அழைப்புகளுக்கே.

தீயைப் பற்றியும் எச்சரித்துவிட்டுத்தான் போனார்கள். விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் குழாயிலிருந்து மூன்று மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது, நீர் கலந்த ஜெல் மட்டுமே. என் அத்தை தினமும் மாலையில் மகளின் தலைமாட்டில் விளக்கேற்றி வந்தவர். அன்று முதல் விளக்கை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஏற்றினார். காற்றில் அணைந்தால் மறுபடி ஏற்றிக்கொண்டு அங்கேயே நிற்பார்.

ஐந்தாவது வாரத்தில் பந்தை ஆறிலிருந்து எட்டுக்கும், பிறகு பத்துக்கும் ஏற்றினோம். மூக்குக் குழாய் ஆறு லிட்டர் வரைதான். அதற்கு மேல் முகமூடி வேண்டும் என்று இரவு பதினோரு மணிக்கு வந்து மாட்டிவிட்டுப் போனான் அந்தப் பையன். “அக்கா, பத்துதான் இதோட கடைசி” என்று அவளிடமே சொன்னான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அப்படி ஒளிக்காமல் சொன்னதால்தான் மறுநாள் காலை 85 என்ற எண்ணைக் கண்டதும் தயங்காமல் ஆம்புலன்ஸை அழைத்தோம். பத்து லிட்டருக்குமேல் தேவைப்படுபவரை வீட்டுக் கருவிகளை நம்பி வைத்திருக்கக் கூடாது. இன்னொரு இயந்திரத்தை வாடகைக்குத் தேடி ஒரு மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள். மருத்துவமனையில் அவள் மூன்று நாட்கள் இருந்தாள்.

நான்காம் நாள் வீட்டைத் திறந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பிய அவசரத்தில் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கட்டிலில் கிடந்த முகமூடி வழியாக அத்தனை நேரமும் ஆக்சிஜன் வந்துகொண்டிருந்திருக்கிறது. இது மிக ஆபத்தானது, துணியில் ஆக்சிஜன் ஏறியிருந்தால் சிறு பொறி போதும். கிளம்புவதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டிய பொறுப்பை ஒருவரிடம் முன்னரே ஒப்படைத்துவிடுங்கள். இடையிடையே மின்சாரம் போய்வந்திருக்க வேண்டும். வந்ததும் தானாகவே மீண்டும் ஓடியிருக்கிறது. நீர்ப்புட்டி வற்றியிருந்ததைத் தவிர வேறு பழுதில்லை.

வாடகை மாதம் 11,000 ரூபாய், முன்பணம் 15,000. முன்பணத்தை முழுதாகத் தந்ததோடு, இரண்டாம் மாதத்தில் மீதமிருந்த நாட்களுக்கான வாடகையையும் கணக்குப் பார்த்துத் திருப்பினார்கள். எடுத்துப்போக வந்த பையன் வழக்கம்போல அளவியைச் செருகினான். 94. இயந்திரத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், குறைத்த ஒன்று சத்தத்துக்கு. கடைக்கு ஐந்தும்.

குழாய், முகமூடி, நீர்ப்புட்டி மூன்றையும் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குத் தரக் கூடாது என்பதால் வாடகையில் சேர்க்காமல் தனி விலைக்குத்தான் தருகிறார்கள். பையன் குழாயைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, “இது உங்களுதுண்ணா” என்று கொடுத்துவிட்டுப் போனான்.